டார்ச் வெளிச்சம் நடந்து வரும் தூரம்

பாழடைந்த ஒரு மாளிகையின் மாடிப்படியில் என் வலது கால் முழங்கால் வரை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. மேலே இயக்குநர் நண்பன் ஜன்னலைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். "ஆடாதடா, தூசி பறக்குது, லைட்ல செமயா இருக்கு" என்றான். என் கால் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. கீழே நின்ற ஒலிப்பதிவுக்காரன்தான் என் செருப்பு அந்தரத்தில் தொங்குவதைப் பார்த்துவிட்டுக் கத்தினான்.

திரைப்படப் படிப்பின் கடைசி வருடக் குறும்படம் அது. 12 நிமிட திரில்லர். காணாமல் போன அண்ணனைத் தேடிவரும் தங்கை, அவன் கடைசியாகத் தங்கியிருந்த கிராமத்து வீட்டுக்கு வருகிறாள். கடைசிப் பேருந்து போய்விடுகிறது. இரவில் யாரோ அந்த வீட்டை நோக்கி வருகிறார்கள். யூனிட் என்று பார்த்தால் நாலே பேர்: இயக்குநர், ஒளிப்பதிவு செய்த தோழி, ஒலிப்பதிவுக்காரன், நான். என் பொறுப்புக்குப் பெயர் தயாரிப்பு நிர்வாகி. வண்டி பிடிப்பதிலிருந்து வயர் சுருட்டுவது வரை அதில் அடக்கம். இடம் தேடும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

திரில்லர் என்றதும் எங்கள் நாலு பேர் மண்டையிலும் ஒரே படம்தான் ஓடியது. இடிந்த சுவர், கொடி படர்ந்த ஜன்னல், வௌவால். அந்த மாளிகை கிடைத்ததும் தேடல் முடிந்துவிட்டதென்றே நினைத்தோம். 200 போட்டோ எடுத்துவந்து சுவரில் ஒட்டினோம். அங்கே காவலுக்கு இருந்தவர், "தாராளமா எடுத்துக்கங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த வார்த்தையைச் சொல்ல அவருக்கு உரிமையே இல்லை என்று. சொத்து பல பங்காளிகளுக்குப் பொது. அதில் இருவருக்குள் பேச்சுவார்த்தையே இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கும் உரிமையாளர் உண்டு. பார்க்கப்போனால் அங்கேதான் நிறையப் பேர் இருப்பார்கள்.

அனுமதி கிடைத்திருந்தாலும் அங்கே எடுத்திருக்கக் கூடாது. தாங்குமா தாங்காதா என்று தெரியாத தளத்தில் நடிகையை ஓடச்சொல்வது, அதுவும் இருட்டில், தைரியம் ஆகாது. என் முழங்காலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது.

போட்டோக்களைப் பார்த்த எங்கள் ஆசிரியர் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "சரி, இந்தப் பொண்ணு இங்கிருந்து ஓடணும்னா எந்தப் பக்கம் ஓடுவா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. 200 போட்டோவில் ஒன்றில்கூட வாசலுக்கு வரும் பாதை இல்லை. பக்கத்து வீடு எவ்வளவு தூரம், சாலை எந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கிற தொலைவில் யாராவது உண்டா, எதுவும் இல்லை. சுவரையும் ஜன்னலையும் எடுத்திருந்தோம். அந்த வீடு உலகத்தில் எங்கே நிற்கிறது என்பதை எடுக்கவில்லை.

அன்று இரவு கதையை மறுபடி எடுத்துவைத்து, காட்சிகளை விட்டுவிட்டுத் தூரங்களை மட்டும் ஒரு தாளில் எழுதினோம். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரை அவள் தனியாக நடக்க வேண்டும். வீட்டிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு விளக்காவது தொலைவில் தெரிய வேண்டும், ஆனால் ஓடிப்போய்ச் சேர முடியாத தொலைவில். வருகிறவன் வருவது அவளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். வாசலைத் தவிர இன்னொரு வழி இருக்க வேண்டும், அது பார்க்கிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எழுதி முடித்தபோது அந்தத் தாளில் 'பாழடைந்த' என்ற சொல்லே இல்லை. சாதாரண வீடு போதும். நல்ல நிலையில், ஆள் புழங்குகிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது.

இந்தத் தாளைத்தான் இடம் தேடக் கிளம்பும் யாரிடமும் முதலில் கேட்பேன். 'அழகான கிராமத்து லொக்கேஷன்' என்று சொல்லி ஒருவரை அனுப்பினால் அவர் அழகான கிராமத்துப் போட்டோக்களோடு திரும்பி வருவார். 'வாசலில் நின்றால் 300 மீட்டருக்கு மறைப்பில்லாமல் தெரிய வேண்டும்' என்று அனுப்பினால் இடத்தோடு வருவார்.

தேடலின் முதல் சுற்று நாற்காலியில் உட்கார்ந்தே நடந்தது. செயற்கைக்கோள் வரைபடத்தில் தனி வீடுகளைக் குறித்தோம். தூரம் அளக்கும் வசதி அதிலேயே இருக்கிறது. வாசல் எந்தத் திசை பார்க்கிறது, வண்டி எதுவரை போகும், பக்கத்தில் ரயில் தண்டவாளமோ பெரிய சாலையோ இருக்கிறதா என்பதெல்லாம் மேலிருந்தே தெரியும். ஆனால் அந்தப் படம் எப்போது எடுத்தது என்று பார்க்க மறக்கக் கூடாது. நாங்கள் ஆசையாகக் குறித்துவைத்த ஒரு தனி வீட்டைச் சுற்றி நேரில் போனபோது புது வீடுகள் வரிசையாக எழும்பியிருந்தன. ஒன்றின் மொட்டை மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

இரண்டாம் சுற்றில் வண்டியில் சுற்றினோம். 11 வீடுகள் பார்த்தோம். அவற்றில் 8 வீடுகளை நிராகரிக்க இறங்கவே வேண்டியிருக்கவில்லை.

கதவைத் தட்டிப் பேசுவது தனி வித்தை. அதில் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன், சொல்லிவிடுகிறேன். 'திரில்லர்' என்று சொன்னால் விரட்டிவிடுவார்கள் என்ற பயத்தில், ஒரு வீட்டில் "அண்ணன் தங்கை பாசக் கதைங்கம்மா" என்று சொல்லி வைத்தேன். முழுப் பொய்யும் இல்லை. அந்த அம்மாவும் சம்மதித்துவிட்டார். அடுத்த முறை போனபோது, எங்கள் பையிலிருந்து செயற்கை ரத்தப் பாட்டிலும் ரப்பர் கத்தியும் அவர் கண்ணெதிரே வெளியே விழுந்தன. அவர் கோபப்படவில்லை. "பாசத்துக்கு இதெல்லாம் எதுக்குப்பா?" என்று மட்டும் கேட்டார். வீடு கைவிட்டுப் போனது. நியாயம்தான்.

அதற்குப் பிறகு முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். நாங்கள் மாணவர்கள், இத்தனை பேர், இத்தனை நாள், இரவில் இத்தனை மணி வரை. கதையில் ஒரு கத்தி வரும், ரப்பர்தான், இதோ. ஒரு பெண் அலறுவாள். உங்கள் வீட்டில் கெட்டது நடந்ததாகக் காட்டுவோம். அது உங்களுக்குப் பரவாயில்லையா? இந்தக் கடைசிக் கேள்விக்குச் சிலர் முகம் மாறும். மாறட்டும். படப்பிடிப்பு நாளன்று மாறுவதைவிட அன்றைக்கே மாறுவது எவ்வளவோ மேல்.

இப்படிப் பேசித்தான் ஒரு பெரியவரின் வீடு கிடைத்தது. ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, சுற்றிலும் மக்காச்சோளம். ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. சாலையிலிருந்து ஒரு மண் பாதை சோளத்துக்குள் புகுந்து 250 மீட்டர் போய் வீட்டு வாசலில் முடியும். ஒளிப்பதிவுத் தோழி அந்தப் பாதையில் நாலு முறை நடந்தாள், கையில் கடிகாரத்தோடு. 3 நிமிடம் ஆனது. திரையில் 3 நிமிடம் ஒருத்தி நடப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் நடுவில் வெட்டி 20 விநாடியாகச் சுருக்கினாலும், அந்த 3 நிமிடத்தை நடந்த நடிகையின் மூச்சு அந்த 20 விநாடியில் இருக்கும். தள்ளி நின்று நீள லென்ஸில் பிடித்தால் அவள் நடந்தும் நடந்தும் வீடு கிட்டவே வராதது போல இருக்கும். கிட்டே நின்று அகல லென்ஸ் போட்டால் வீடு எங்கோ தொலைவுக்குப் போய்விடும். ஒரே பாதை, இரண்டு விதமான பயம். இதற்காகத்தான் இடம் பார்க்கப் போகும்போது படப்பிடிப்பில் பயன்படுத்தப்போகும் லென்ஸையே எடுத்துப் போக வேண்டும். போன் கேமராவின் அகலக் கண்ணில் எல்லா அறையும் பெரிதாகத் தெரியும். முழு ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போட்டு ஒரு ஆளைத் தலை முதல் கால் வரை பிடிக்கவே 3 மீட்டருக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அதற்குப் பின்னால் டிரைபாட், ஒளிப்பதிவாளர், பூம் (மைக் கட்டிய நீளக் கம்பு) பிடிக்கிறவர் எல்லாருக்கும் இடம் வேண்டும். அந்த வீட்டின் உள் அறை போட்டோவில் மண்டபம் போலத் தெரிந்தது. டேப் வைத்து அளந்தால் சுவருக்குச் சுவர் 2.8 மீட்டர். எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே நின்று எடுப்பது என்று அங்கேயே முடிவானது. படத்தில் மிகவும் பேசப்பட்ட ஷாட் அதுதான். யாரோ வெளியிலிருந்து பார்ப்பது போல இருக்கிறது என்றார்கள். இடம் போதாமல் வெளியே போனோம் என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

இனி ஒலிப்பதிவுக்காரனைப் பற்றி. முதல் நாளிலிருந்து அவன் சொன்னதை நாங்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போகிற இடமெல்லாம் அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி இரண்டு நிமிடம் நிற்பான். நாங்கள் சிரிப்போம். பெரியவர் வீட்டில் அப்படி நின்றுவிட்டு, "ரோடு கேட்குது" என்றான். எங்களுக்குக் கேட்கவில்லை. தொடர்ந்து வரும் சத்தத்தை நம் மூளை கழித்துவிடும், மைக் கழிக்காது. "ராத்திரி இன்னும் அதிகமா கேட்கும்" என்றான். ராத்திரியில் வண்டி குறைவுதானே, எப்படி அதிகமாகும் என்று நான் வாதாடினேன்.

அவன் சொன்னதுதான் சரி. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் தரையை ஒட்டிய காற்று சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதற்கு மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடாக இருக்கும். மேல்நோக்கிப் போகவேண்டிய ஒலி அந்தச் சூடான அடுக்கில் வளைந்து மறுபடி தரைக்கே வரும். பகலில் இது தலைகீழ்: ஒலி மேலே வளைந்து போய்விடும். அதனால்தான் பகலில் கேட்காத தொலைதூர லாரி இரவில் பக்கத்தில் போவது போலக் கேட்கிறது. இரவுக் காட்சி எடுக்கும் இடத்தைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி இடத்தைத்தான் பார்த்திருக்கிறீர்கள். நாங்கள் ஒரு இரவு முழுக்கப் போய் உட்கார்ந்தோம். அந்தி சாய்ந்ததும் பூச்சிகள் ஆரம்பித்து, ஒரு மணி நேரம் வசனமே பதிய முடியாத அளவுக்கு இரைச்சல். அதன்பின் கொஞ்சம் அடங்கியது. ஒரு நாய் ஆரம்பித்தால் எங்கெங்கோ இருக்கும் நாய்கள் வரிசையாகப் பதில் சொல்லின. தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்கு ஓடும் என்று பெரியவரிடம் கேட்டு எழுதிக்கொண்டோம். வசனக் காட்சிகளையெல்லாம் இரவு 10 மணிக்குப் பிறகு மாற்றினோம். ஒவ்வொரு இடத்திலும் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் வெறும் சூழல் ஒலியை ஒலிப்பதிவுக்காரன் தனியாகப் பதிவு செய்தான். எடிட்டிங்கில் அந்த ஒரு நிமிடங்கள் எங்களை எத்தனை இடத்தில் காப்பாற்றின என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

இதே வளைந்த ஒலி எங்களுக்கு இன்னொரு பாடமும் நடத்தியது. முழு யூனிட்டோடு போன ஒத்திகை இரவில், நடிகை அந்த அலறலை ஒரே ஒரு முறை முழுக் குரலில் கொடுத்துப் பார்க்கிறேன் என்றாள். கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் மண் பாதையில் நாலைந்து டார்ச்சுகள், கம்புகள், மூச்சிரைக்க ஓடிவரும் ஆட்கள். அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீடுகளிலிருந்து வந்திருந்தார்கள். பெரியவரிடம் அனுமதி வாங்கினோமே தவிர அவர்களிடம் சொல்லவில்லை. பக்கத்தில் வீடே இல்லை என்றுதானே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்! ஓடி வந்தவர்களில் ஒருவர் நடிகையைப் பார்த்து, "நிஜமாவே ஒண்ணும் இல்லையேம்மா?" என்று மூன்று முறை கேட்டார். எங்களை நம்பாமல் அவளிடம் தனியாகக் கேட்டார். அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

மறுநாள் நான் செய்த முதல் வேலை, சுற்றிலும் ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தேதியும் நேரமும் சொன்னது. ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு கடிதம்: எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர், கத்தி போன்ற பொருள் உண்டு, அது ரப்பர், அலறல் சத்தம் வரும், பொறுப்பாளர் யார், போன் எண் என்ன. பொம்மைத் துப்பாக்கி இருந்திருந்தால் நேரில் போய்ப் பேசாமல் வெளியே எடுத்திருக்கவே மாட்டோம். இருட்டில் தூரத்திலிருந்து பார்க்கிற யாருக்கும் அது பொம்மை என்று தெரியாது.

வெளிச்சத்தைப் பற்றி ஒளிப்பதிவுத் தோழி பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், அவளிடம் நான் கற்றதில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். சூரியன் வானத்தில் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. கையை முழுதாக நீட்டி, நாலு விரலையும் படுக்கையாகச் சேர்த்து, சூரியனுக்குக் கீழே தொடுவானம் வரை வைத்துப் பார்த்தால் ஒரு விரல் ஏறத்தாழ 15 நிமிடம். நாலு விரல் இடைவெளி இருந்தால் மறைய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. சூரியன் சாய்வாக இறங்கும் ஊர்களில் இன்னும் கொஞ்சம் கூட ஆகும். (நேரே சூரியனைப் பார்க்காதீர்கள்.) நமக்குத் தொடுவானம் சமதளமாக இருக்கிறதா, மலையோ மரமோ மறைக்கிறதா என்பதை நேரில் போனால்தான் பார்க்க முடியும், சூரியன் மறையும் நேரம் போன் செயலியில் 6:20 என்று இருக்கும், உங்கள் பாதையில் 5:40-க்கே நிழல் விழுந்துவிடும்.

சூரியன் மறைந்த பின் வானம் நீலமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் படத்தின் முக்கியக் காட்சிக்கு வேண்டியிருந்தது: தூரத்துச் சாலையில் கடைசிப் பேருந்து போவதும் அவள் திரும்பிப் பார்ப்பதும். சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும் வரைதான் அந்த வெளிச்சம் கைகொடுக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகே அது 20 நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டும், துருவத்தை நோக்கிப் போகப் போக நீளும். 5 ஷாட்டை அதற்குள் எடுத்துவிடலாம் என்று இயக்குநர் சொன்னான். இடத்திலேயே ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்த்தோம், கேமராவை இடம் மாற்றவே 7 நிமிடம் போனது. இரண்டு மாலையாகப் பிரித்துக்கொண்டோம். ஒத்திகை பார்க்காமல் போயிருந்தால் 2 ஷாட்டோடு வீடு திரும்பியிருப்போம்.

'கிராமத்து இரவு, நிலா வெளிச்சமே போதும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் என்றால் முழு நிலவு கால் லக்ஸ் அளவுதான். கண்ணுக்குப் பால் போலத் தெரிவது கேமராவில் மங்கலாக, புள்ளி புள்ளியாகத்தான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் பின்னணி. நகரத்தில் தூரத்தில் ஏதாவது ஒரு விளக்கு தானாகவே இருக்கும். இங்கே நடிகை மேல் ஒளி போட்டால் பின்னால் கறுப்புத் துணி கட்டியது போல ஆகிவிடும். அவள் வயல்வெளியில் நிற்கிறாளா ஸ்டூடியோவில் நிற்கிறாளா என்றே தெரியாது. இடம் பார்க்கும்போதே, ஆழத்தில் எங்கே ஒரு சின்ன விளக்கை ஒளித்துவைக்கலாம் என்று மரம், தொட்டி, சுவர் என்று தேடி வைத்துக்கொள்ள வேண்டும். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். முதல் நாள் ஃபிரேமில் இருந்த நிலா மறுநாள் அதே நேரம் அங்கே இருக்காது.

வீட்டு விளக்குகளையும் கேமராவில் போட்டுப் பார்த்துவிடுங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊரில் ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 விநாடி, 60 ஹெர்ட்ஸ் ஊரில் 1/60 அல்லது 1/120 வைத்தால் பெரும்பாலும் துடிப்பு தெரியாது. சில மலிவான எல்.இ.டி. பல்புகள் எப்படி வைத்தாலும் துடிக்கும், அவற்றைக் கழற்றி நம் பல்பை மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். பெரியவர் வீட்டில் மோட்டார் ஓட ஆரம்பித்ததும் எல்லா விளக்கும் ஒரு கணம் மங்கியது. அந்த வயரிங்கில் பெரிய விளக்கைச் செருகக் கூடாது என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டாம். பேட்டரியில் ஓடும் விளக்குகளும் ஒரு ஜெனரேட்டரும் என்று முடிவானது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் இருந்த ஜெனரேட்டரை 40 மீட்டருக்குத் தள்ளி, மண் சுவர் ஒன்றின் பின்னால் வைத்தோம். ஒயர் நீளமானதும் சுருளோடு விட்டுவிட்டான் ஒருவன். முழு லோடு போகும் ஒயரைச் சுருளிலேயே விட்டால் உள்ளே சூடேறி உருகும். தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தோம், நல்லவேளை.

பாதுகாப்பு விஷயத்தில் நாங்கள் கடைப்பிடித்தது எளிமையானது. ராத்திரி ஓடப்போகும் பாதையைப் பகலில் மூன்று பேர் நடந்து பார்ப்பது. தடுப்புச் சுவர் இல்லாத ஒரு பழைய கிணறு பாதையிலிருந்து 15 மீட்டரில் சோளத்துக்குள் மறைந்திருந்தது. பெரியவருக்கு அது இருப்பது பழகிப்போனதால் சொல்லவே தோன்றவில்லை. அதைச் சுற்றிக் கயிறு கட்டி வெள்ளைத் துணி தொங்கவிட்டு, ஒரு ஆளையும் நிறுத்தினோம். போன் சிக்னல் திண்ணையில் இல்லை, வேப்ப மரத்தடியில் மட்டும் கிடைத்தது. மரத்தில் அடையாளம் கட்டினோம். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனைக்கு வண்டியில் 35 நிமிடம் என்று ஓட்டிப் பார்த்தே தெரிந்துகொண்டோம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவு என்றால் நிறுத்திவிட்டு உள்ளே போவது, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வருவது. கழிப்பறை எங்கே என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. யோசித்தது நடிகை. முதல் தடவை போனபோதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஒப்புதல் கடிதத்தைப் பற்றி நீட்டமாட்டேன். வாய்வார்த்தை போதாது, யார் பெயரில் வீடு இருக்கிறதோ அவரே கையெழுத்துப் போட வேண்டும். எந்தெந்த அறை, எந்த நாள், எதை நகர்த்தலாம், உடைந்தால் யார் பொறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு அறையையும் நாலு மூலையிலிருந்தும் போட்டோ எடுத்து வைத்தோம். திரும்ப அடுக்கும்போது அந்தப் போட்டோக்கள் இல்லாவிட்டால் பெரியவரின் மனைவியிடம் நான் நன்றாக வாங்கிக்கட்டியிருப்பேன்.

எல்லாம் சரியாக இருந்தது. முதல் தடவை பார்த்து மூன்று வாரம், படப்பிடிப்புக்கு இன்னும் இரண்டு நாள். கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். சாலைத் திருப்பத்தில் வண்டியை நிறுத்தினேன். வேறு ஊருக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன். சோளம் இல்லை. சாலையிலிருந்து வீடு வரை வெறும் தட்டைக் கட்டைகள்.

"முத்திருச்சுல்ல தம்பி, அறுத்தாச்சு" என்றார் பெரியவர், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. உண்மைதான், இருக்கவில்லை. 'எப்போது அறுப்பீர்கள்' என்று நான்தான் கேட்கவில்லை. விளைச்சல் நிலத்தைப் பார்க்கும்போது அந்தத் தேதிதான் முதல் கேள்வி. அடுத்தது உழவு, அதற்கடுத்தது தண்ணீர் பாய்ச்சும் நாள். மூன்றில் எது நடந்தாலும் நேற்று எடுத்த ஷாட்டோடு இன்று எடுப்பது ஒட்டாது.

எங்கள் திரைக்கதையில் கொலைகாரன் சோளத்துக்குள்ளிருந்துதான் திடீரென்று பாய்வான். இயக்குநரிடம் போனில் சொன்னபோது மறுமுனையில் பேச்சே இல்லை. அன்று மாலையே மூவரும் வந்து சேர்ந்தார்கள். இருட்டும் வரை யாரும் உருப்படியாக எதுவும் பேசவில்லை. அப்போது பெரியவரின் மகன் ஏதோ வேலையாகச் சாலைப் பக்கம் போயிருந்தவன், கையில் டார்ச்சோடு வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த நாங்கள் அந்த வெளிச்சப் புள்ளியைப் பார்த்தோம். வெட்ட வெளி, மறைப்பு ஒன்றுமில்லை. புள்ளி மேலும் கீழும் ஆடிக்கொண்டு வந்தது. நடுவில் ஒரு இடத்தில் நின்றது. ஏன் நின்றது? மறுபடி நகர்ந்தது. ஆசிரியர் கேட்ட கேள்வி எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவாள்? எந்தப் பக்கம் ஓடினாலும் தெரிவாள்.

(நடுவில் நின்றது செருப்பில் குத்திய தட்டையைப் பிடுங்கத்தான் என்று பிறகு தெரிந்தது.)

அன்றிரவே பாயும் காட்சியை அடித்துவிட்டு, டார்ச் நடந்து வரும் காட்சியை எழுதினோம். ஒரே ஷாட், வெட்டு இல்லாமல். சோளம் இருந்தபோது யோசித்தே பார்த்திராத காட்சி.

படப்பிடிப்பில் டார்ச் பிடித்து நடக்க அந்த மகனையே கேட்டோம், அவனைவிட அந்த நிலத்தை இருட்டில் நடக்கத் தெரிந்தவர் யார்? கேமரா வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக. பெரியவர் கேமராவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கதை அவருக்குத் தெரியும். வருவது தன் மகன் என்றும் தெரியும். சற்று முன்புதான் அவனுக்கு டார்ச்சுக்கு பேட்டரி மாற்றிக் கொடுத்திருந்தார். "ஆக்‌ஷன்" சொன்னதும் சாலை ஓரத்தில் புள்ளி எரிந்தது. ஒரு நிமிடம் போயிருக்கும். வெளிச்சம் பாதி தூரம் வந்து, சொல்லிக் கொடுத்தபடி நின்றது. மறுபடி நகர்ந்தது.

ஹெட்போனில் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டதாக ஒலிப்பதிவுக்காரன் கையை உயர்த்தினான். திரும்பிப் பார்த்தோம். பெரியவர் எழுந்து போய், முன் கதவின் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தைப் படத்தில் அப்படியே வைத்துக்கொண்டோம்.